சாம்பல் கம்பி போட்ட ஹெல்மெட்

சனிக்கிழமை ஆட்டம் என்றால் டெல்மர் கோவாரிக்குக்கு வியாழக்கிழமையே முழங்கால் வலிக்க ஆரம்பித்துவிடும். "உன் முட்டிக்கு மட்டும் யாரு கேலண்டர் அடிச்சுக் குடுத்தா?" என்று பெண்டாட்டி லோரீன் கேட்பாள். அவர் பதில் சொல்லமாட்டார். நாள் முழுக்க எழுபது எண்பது தடிப்பயல்களின் வியர்வைத் துணியோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவனுக்கு வீட்டில் பேசத் தனியாகத் தெம்பு எங்கிருந்து வரும்?

விஸ்கான்சினில் கோல்டர் ஃபால்ஸ் என்ற எங்கள் சின்ன ஊரில் பெர்க்லண்ட் கல்லூரி இருக்கிறது. அதன் கால்பந்து அணிக்குச் சாமான் பார்ப்பது அவர் வேலை. உதைக்கிற பந்து இல்லை. தோளால் முட்டி, கையால் எறிந்து, ஆள்மேல் ஆள் விழுந்து ஆடுகிற பந்து. விழுகிறவன் எழுந்து போய்விடுவான். அவன் கிழித்ததையும் உடைத்ததையும் அழுக்காக்கியதையும் டெல்மர்தான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பையனுக்கும் எண் போட்ட ஒரு பட்டை. காலுறை, உள்பனியன், ஜட்டி எல்லாவற்றையும் அதில் கோர்த்து மெஷினில் எறிந்தால், வெளியே வரும்போது அவனவன் கோவணம் அவனவனுக்கே கிடைக்கும். ஹெல்மெட்டுக்குள் காற்றடிப்பது, தாடைவார் மாற்றுவது, தளர்ந்த திருகை முடுக்குவது, முகக்கம்பி வளைந்தால் கழற்றி வேறு போடுவது. இடுப்பில் ஒரு பை, அதில் திருப்புளி, குறடு, வார். சலவைத்தூள் வாசம் அவர் கையில் ஏறி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

முன்னே பேப்பர் மில்லில் இருந்தவர். மில்லை மூடினார்கள். கல்லூரியில் பாய்லர் பார்க்க ஆள் கேட்டார்கள், போனார். அப்புறம் சாமான் பார்த்துக்கொண்டிருந்த கிழவருக்கு இடுப்பு உடைந்தது. "ஒரு சீசன் பாத்துக்கோ டெல், அதுக்குள்ள ஆள் புடிச்சிடறோம்" என்றார்கள். இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவர் ஒருநாளும் அந்த ஆட்டம் ஆடியதில்லை. அதைப் பற்றிப் பெரிய ஆசையும் கிடையாது. ஆனால் இத்தனை வருஷம் துவைத்தவனுக்கு ஒன்றாவது பார்க்க வேண்டும் என்று இருக்காதா? ஒரே ஒரு பிளேஆஃப், சீசன் முடிந்தபின் தேறிய அணிகள் மட்டும் ஆடுகிற சுற்று. குளிர் தொடங்குகிற நவம்பரில், மற்றக் கல்லூரிக்காரன் எல்லாம் சாமானை மூட்டை கட்டி உள்ளே வைத்த பிறகு, நம் பையன்கள் மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருக்க வேண்டும். அவர் வந்ததிலிருந்து பெர்க்லண்ட் ஒருமுறைகூடப் போனதில்லை. "அதை ஒரு தடவ பாத்துட்டா விட்டுடறேன்" என்று லோரீனிடம் சொல்லியிருந்தார். "நீ சாகறதுக்குள்ள போவானுங்களா?" என்று அவள் கேட்டாள். நியாயமான கேள்விதான்.

ஏனென்றால் எங்கள் லீகில் முதலிடம் வருகிற அணிதான் பிளேஆஃபுக்கு நேராகப் போகும். அந்த முதலிடத்தை லின்மோர் கல்லூரிக்காரர்கள் பட்டா போட்டு வைத்திருக்கிறார்கள். மற்றவர்களுக்கு ஒரு சந்துவழி உண்டு. எங்கோ ஒரு குழு உட்கார்ந்து, யார் யாரை ஜெயித்தார்கள் என்று பார்த்து, மிச்சமிருக்கிற சில இடங்களைப் பங்கு போடும். சோப்ளாங்கி அணிகளை வரிசையாகப் போட்டு மிதித்தாலும் அந்தக் குழு திரும்பிப் பார்க்காது. பேர்பெற்ற ஒருத்தனை அடித்திருக்க வேண்டும். அதற்காகத்தான் கோச் ஹாக்ஸ்ட்ராம், செப்டம்பரிலேயே, சீசனின் இரண்டாவது ஆட்டத்துக்கு, மின்னசோட்டாவிலிருந்து வெக்ஸ்லர் கல்லூரியைக் கூப்பிட்டிருந்தார். போன வருஷம் டிசம்பர்வரை ஆடிய அணி அது.

"இந்த ஒண்ணை மட்டும் ஜெயிச்சுட்டோம்னு வெய்யி, லின்மோர்கிட்ட தோத்தாக்கூட நவம்பர்ல நம்ம பேரு இருக்கும்" என்று ஹாக்ஸ்ட்ராம் வெள்ளிக்கிழமை சலவை அறைக்கே வந்து சொன்னார். நாற்பதைத் தாண்டாத ஆள். கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்திருந்தது. "தோத்தோம்னா?"

"தோத்தா என்ன கோச், துணி அதே துணிதான்" என்றார் டெல்மர்.

"உனக்கு ஒரு கவலையும் கிடையாது, போ."

அவருக்கு இருந்தது. காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

சனிக்கிழமை மத்தியானம் வெயில் கொளுத்தியது. செப்டம்பர் என்று பெயர்தான். மைதானத்துக்கு அந்தப்பக்கம் சோளம் ஆள் உயரம் நின்றது. சோடா டம்ளர்களைச் சுற்றிக் குளவி. தொத்திறைச்சி சுடுகிற புகை நேராகப் பெஞ்சுப் பக்கம் வந்தது. மர இருக்கைகள் நிறைந்துவிட்டன. எங்கள் ஊரில் அது அபூர்வம்.

பெர்க்லண்டுக்குப் பந்து எறிகிற பையன் கீகன் ஒல்ஷெவ்ஸ்கி. குவார்ட்டர்பேக் என்பார்கள்; எல்லா ஆட்டமும் அவன் கையிலிருந்துதான் புறப்படும். கடைசி வருஷம் படிக்கிறான். பால்பண்ணைக்காரன் மகன். வாய் கொஞ்சம் நீளம். டெல்மரை "பெருசு" என்றுதான் கூப்பிடுவான்.

"பெருசு, என் ஜெர்சி சுருங்கிப்போச்சு. வெந்நீர்ல போட்டீங்களா?"

"ஜெர்சி சுருங்கல. நீ கோடையெல்லாம் சீஸ் தின்னிருக்கே."

"தோளு விரிஞ்சிருக்கு, பெருசு!"

"தோளு இல்ல, அது கீழ."

பையன்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். பிடிக்கும் அவருக்கு அவனை. அதையும் காட்டிக்கொள்ளமாட்டார்.

வெக்ஸ்லர்காரர்கள் பெரிய ஆட்கள்தான். ஆனால் வெயில் அவர்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. மூன்றாவது கால்பகுதி முடியும்போது நான்கே புள்ளிதான் முன்னே இருந்தார்கள். பெர்க்லண்ட் ஜெயிக்கக்கூடும் என்று இருக்கைகளில் உட்கார்ந்திருந்தவர்களுக்கே நம்பிக்கை வந்து, நின்றுகொண்டு கத்தினார்கள்.

இங்கே டெல்மர் வேலை செய்கிற விதத்தைச் சொல்லிவிட வேண்டும். ஆட்டம் நடக்கும்போது அவர் கேள்வி கேட்கமாட்டார். பந்தோடு ஒருவன் விழுந்து, மறுபடி பந்தை எடுப்பதற்கு நடுவே மூச்சு விடுகிற நேரம்தான். அதற்குள் ஒருவன் ஓடிவந்து "வார்" என்றால் வார், "பூட்ஸ்" என்றால் பூட்ஸ். எப்படி அறுந்தது, ஏன் அறுந்தது என்று விசாரித்துக்கொண்டிருந்தால் அந்தப் பையன் இல்லாமல் ஆட்டம் தொடங்கிவிடும். கை நீட்டினால் கொடுப்பது. இருபது வருஷப் பழக்கம். அதனால்தான் அவரை நல்ல ஆள் என்று சொன்னார்கள்.

நான்காவது கால்பகுதியின் நடுவில் கீகன் பந்தோடு ஓடினான். இரண்டு பேர் சேர்ந்து அவனைத் தூக்கிப் போட்டார்கள். பின்மண்டை தரையில் பட்டது. டெல்மர் அதைப் பார்க்கவில்லை. அப்போது அவர் பெஞ்சுக்குப் பின்னால் மண்டிபோட்டு, ஒரு தடியனின் தோள்கவசத்துக்குக் கயிறு கோர்த்துக்கொண்டிருந்தார்.

பார்த்தவள் ரெனே. அடிபட்ட பையன்களைக் கவனிக்கிறவள். ஒல்லி. குரல் மட்டும் வெண்கலம். கீகனை ஓரமாக உட்காரவைத்துக் கண்ணைப் பார்த்தாள், மாதத்தைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னாள். அவன் டிசம்பர், நவம்பர் என்று சொல்லி, செப்டம்பரில் நின்று, சிரித்தான். அவள் அவன் ஹெல்மெட்டைப் பிடுங்கிக்கொண்டாள். ரெனேயின் வழக்கம் அது. தலையில் அடிபட்டவனிடம் "ஆடாதே" என்று சொன்னால் கேட்கமாட்டான். ஹெல்மெட் இல்லாவிட்டால் உள்ளே போகமுடியாது. அவள் அக்குளில் ஹெல்மெட் இருந்தால் ஒருத்தன் இன்றைக்கு அவ்வளவுதான் என்று எல்லோருக்கும் தெரியும்.

இரண்டாவது பந்தெறிகிறவன் வெஸ் உள்ளே போனான். இரண்டு முறை எறிந்தான், இரண்டும் புல்லில் போய் விழுந்தது. பந்து வெக்ஸ்லருக்குப் போயிற்று. அப்போது பார்த்துப் பெர்க்லண்ட் ஆள் ஒருவனுக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொள்ள, ரெனே ஹெல்மெட்டையும் இடுக்கிக்கொண்டு மைதானத்தின் அந்தக் கோடிக்கு ஓடினாள்.

வெக்ஸ்லரைத் தடுத்துவிட்டார்கள். கடைசி இரண்டு நிமிஷம். பந்து மறுபடியும் பெர்க்லண்டிடம். ஆட்டத்தை நிறுத்தக் கேட்கிற உரிமையெல்லாம் ஹாக்ஸ்ட்ராம் முன்னாலேயே செலவழித்துவிட்டார். இருக்கைகள் இடிந்துவிடும்போல் சத்தம்.

"பெருசு! ஹெல்மெட்!"

பெஞ்சுக்குப் பின்னால் இன்னும் அந்தத் தோள்கவசத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த டெல்மர் நிமிர்ந்தார். கீகன் கையை நீட்டிக்கொண்டு நின்றான். முகம் வேர்த்திருந்தது.

"உன்னுது?"

"காத்து எறங்கிருச்சு. சீக்கிரம், சீக்கிரம்!"

பெட்டியில் உபரி இரண்டு இருந்தன. அவன் அளவில் இருந்தது போன வருஷத்து ஹெல்மெட். முகக்கம்பி சாம்பல் நிறம். இந்த வருஷம் எல்லாருக்கும் பச்சைக் கம்பி. அதை எடுத்துக் கொடுத்தார். அவன் மாட்டிக்கொண்டு ஓடினான்.

ஹாக்ஸ்ட்ராம் அவனைப் பார்த்ததை டெல்மரும் பார்த்தார்.

"ரெனே விட்டுட்டாளா?" என்று கோச் கத்தினார்.

"விட்டுட்டா கோச்!"

கோச் ரெனே எங்கே என்று தேடவில்லை. "போ, போ!" என்று முதுகில் தட்டினார். அவருக்கும் கேட்க நேரமில்லை.

முதல் எறி நீளமாகப் போய் ஓரத்தில் ஒருவன் மார்பில் விழுந்தது. இரண்டாவது நடுவில். கூட்டம் கூரை பிய்கிறமாதிரி கத்தியது. மூன்றாவது முறை அவனே ஓடி எல்லைக்கோட்டுக்கு வெளியே போனான். டெல்மர் தன்னையும் அறியாமல் கையிலிருந்த குறடைத் தொடையில் தட்டிக்கொண்டிருந்தார். நவம்பர் வந்து எதிரில் நின்ற மாதிரி இருந்தது. பனிக்குல்லாய் போட்ட பையன்கள், மூச்சில் புகை.

பந்தைக் கொண்டு சேர்க்க வேண்டிய வெக்ஸ்லர் கோட்டுக்கு ஏழெட்டு கஜத்தில் வந்து நின்றது. அங்கே ஒருவனை மடக்கிப் போட்டார்கள். கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது. எல்லோரும் ஓடிவந்து வரிசையில் நிற்க வேண்டும், கீகன் பந்தை வாங்கித் தரையில் அடித்துக் கடிகாரத்தை நிறுத்த வேண்டும், அப்புறம் ஒரே ஒரு எறி. எல்லோரும் ஓடி நின்றார்கள். கீகன் நிற்கவில்லை. அவன் திரும்பி, ஆட்டத்துக்குச் சைகை எதிர்பார்த்து, பெஞ்சைப் பார்த்தான்.

வெக்ஸ்லர் பெஞ்சைப் பார்த்தான்.

டெல்மர் குறடு தட்டுவதை நிறுத்தினார். அந்தச் சமயம் ரெனே அந்தக் கோடியிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தாள். அக்குளில் பச்சைக் கம்பி போட்ட ஹெல்மெட்.

"அது யாரோடது?"

"கீகனோடது, வேற யாரோடது? மண்டைல அடி. ஏன், முகம் ஏன் இப்படிப் போகுது?"

எங்கள் ஆட்டத்தில் ஒரு விதி இருக்கிறது. கடைசி நிமிஷத்தில், ஓடுகிற கடிகாரம் ஒருவனுக்கு அடிபட்டதால் நின்றால், எதிரணி கேட்டால் பத்து விநாடியைக் கழித்துவிடுவார்கள். பொய்யாய்க் கீழே விழுந்து நேரம் திருடக் கூடாது என்று வைத்த விதி. அதைத் தடுக்க, ஆட்டத்தை நிறுத்தக் கேட்கிற உரிமை மிச்சமிருக்க வேண்டும். பெர்க்லண்டுக்கு மிச்சமில்லை. கடிகாரத்தில் பத்துக்கு மேல் கொஞ்சம்தான் இருந்தது, ஓடிக்கொண்டிருந்தது. இது டெல்மருக்கு நன்றாகத் தெரியும். வாயைத் திறந்தால் ஆட்டம் முடிந்தது. இந்த ஒரு தடவை மட்டும் பொறுத்துக்கொண்டு அப்புறம் சொன்னால் என்ன? எவனுக்கும் தெரியாது. ஒரு எறி. பையன் எறிந்துவிட்டு வரட்டுமே.

இந்த யோசனை அவருக்கு வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். எவ்வளவு நேரம் நின்றார் என்று அவருக்கே தெரியாது. வெக்ஸ்லர் ஓரத்து ஆள், கதவு மாதிரி ஒருவன், கீழே குனிந்து கீகனையே பார்த்துக்கொண்டிருந்தான். கீகனோ இன்னும் எதிர்ப் பெஞ்சைப் பார்த்துக்கொண்டு நின்றான், ஊர் பேர் தெரியாத பஸ் நிலையத்தில் இறங்கினவன் மாதிரி.

"உள்ள இருக்கான் ரெனே. நான்தான் ஹெல்மெட் குடுத்தேன்."

ரெனே ஒரு வார்த்தை சொன்னாள்; அதை எழுத முடியாது. அடுத்த நொடி ஓரத்து நடுவரை நோக்கி ஓடினாள், "நிறுத்துங்க! தலை! தலைல அடிபட்டவன் உள்ள இருக்கான்!" என்று. டெல்மரும் ஓடினார். முட்டி மடங்கியது. கோட்டைத் தாண்டி இரண்டு எட்டு மைதானத்துக்குள்ளேயே போய்விட்டார். சாமான்காரன் உள்ளே கால் வைக்கக் கூடாது. வைத்தார். கையைத் தலைக்குமேல் ஆட்டினார்.

விசில்.

கடிகாரம் ஒன்பதில் நின்றது. வெக்ஸ்லர் கோச் தன் பக்கத்து நடுவரிடம் ஏதோ சொன்னார், அதிகம் பேசவில்லை. நடுவர் மைக்கைத் திறந்தார். ஒன்பதிலிருந்து பத்தைக் கழித்தால் என்ன வரும் என்று கூட்டத்துக்குப் புரியக் கொஞ்சம் நேரமானது. புரிந்ததும் ஒரு சத்தம் வந்தது. கோபச் சத்தம்கூட இல்லை. மாடு பெருமூச்சு விடுகிற மாதிரி.

கீகன் ஹெல்மெட்டோடு நடந்து வந்தான். "என்னாச்சு? என்னாச்சு?" என்று வழியில் நின்றவர்களை எல்லாம் கேட்டான். சொன்னார்கள். டெல்மரைக் கை காட்டினார்கள். அவன் அந்தச் சாம்பல் கம்பி ஹெல்மெட்டைக் கழற்றி அவர் காலடியில் போட்டுவிட்டுப் போனான். எறியவில்லை. போட்டான். அதுதான் அவருக்கு அதிகம் உறைத்தது.

மத்தியானம் போய்ச் சாயங்காலமாகும்வரை அவர் துணி பொறுக்கினார். ஹாக்ஸ்ட்ராம் வந்து மெஷின்மேல் சாய்ந்து நின்றார்.

"ஒம்போது செகண்ட், டெல். ஒம்போது செகண்ட் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கக் கூடாதா?"

"இருந்திருக்கலாம்."

"என்னய்யா இருந்திருக்கலாம்? போன வருஷமெல்லாம் இதுக்குத்தான் நாயா அலைஞ்சேன். வெக்ஸ்லரை இங்க வரவைக்க எத்தனை பேர் கால்ல விழுந்தேன் தெரியுமா? அவன் ஹெல்மெட் கேட்டப்பவாவது ஏன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டிருக்கணும்."

"அப்புறம்?"

"கேக்கல. என் தப்புதான்." டெல்மர் ஒரு பட்டையை எடுத்துத் துணியை உதறினார். "ரெனே விட்டுட்டாளான்னு நீங்க அவன்கிட்டதானே கேட்டீங்க, கோச். ரெனேகிட்டக் கேக்கலியே."

ஹாக்ஸ்ட்ராம் மெஷினைவிட்டு நிமிர்ந்தார். முகம் சிவந்தது. கடைசியில், "என் பொண்ணு இருக்கையில உக்காந்து அழுதுகிட்டிருந்தா" என்று சொல்லிவிட்டுப் போனார். அது எதற்குப் பதில் என்று டெல்மருக்குப் புரியவில்லை. வேலையைவிட்டு எடுக்கவில்லை. எடுத்தால் திங்கட்கிழமை துணியை யார் துவைப்பது?

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து எல்லோரும் காப்பிக்குக் கூடுகிற கடையில் அவருக்குப் பேர் வைத்துவிட்டார்கள்.

"வாய்யா, பத்து செகண்ட்!"

"ஒம்போதுதாம்ப்பா இருந்துச்சு. ஒண்ணு கடன்ல போயிருக்கு."

"டெல், என் காருக்கும் கொஞ்சம் கையை ஆட்டேன். பிரேக் புடிக்கல."

சிரிக்கிறவன் சிரித்தான். ஒருவன், மில்லில் கூட வேலை பார்த்தவன், சிரிக்காமல் காப்பிக் கோப்பையோடு வேறு மேஜைக்கு மாறி உட்கார்ந்தான். அவன் பேரன் அணியில் இருக்கிறான். டெல்மர் முட்டையைத் தின்று முடித்தார். ருசி தெரியவில்லை. எழுந்து போனால் ஓடினான் என்பார்கள் என்று இரண்டாவது காப்பியும் குடித்தார்.

செவ்வாய்க்கிழமை சேதி வந்தது. கீகனுக்கு ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள், மண்டைக்குள் ஒன்றுமில்லை, சுத்தமாக இருக்கிறது. அரைநாளில் ஊரெல்லாம் பரவிவிட்டது. "ஒண்ணுமில்லையாமே! கல்லு மாதிரி இருக்கானாமே! அதுக்கா ஆட்டத்தை நிறுத்தினான்?" படத்தில் மூளை குலுங்கினது தெரியவே தெரியாது, ரத்தக்கசிவு இருந்தால்தான் தெரியும் என்று ரெனே வாய் வலிக்கச் சொன்னாள். யார் காதில் வாங்கினார்கள்?

"ஒம்மேலயும் கோவமா?" என்று டெல்மர் கேட்டார்.

"என்மேல கோவப்படறது அவங்களுக்குப் பழகிப்போச்சு. உங்க மேலதான் புதுசு" என்றாள். அப்புறம், "உங்கமேல எனக்கும் இன்னும் கோவம்தான், தெரிஞ்சுக்கோங்க. குடுத்தீங்களே" என்றாள்.

"தெரியும்."

வீட்டில் லோரீன் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே சொன்னாள். "விட்டுடு டெல். பிளேஆஃப் பாத்துட்டு விடறேன்னே. அதுதான் போச்சே. இனி எதுக்கு?"

"லின்மோரை ஜெயிச்சா இன்னும் வழி இருக்கு."

"லின்மோரை."

"ஆமா."

அவள் சிரிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கிழங்கைச் சீவினாள். அவருக்கும் ஆசையாகத்தான் இருந்தது, சனிக்கிழமை காலையில் எழுந்து ஒன்றும் செய்யாமல் வாசல் நாற்காலியில் உட்கார. ஆனால் இப்போது விட்டால், தப்புச் செய்துவிட்டு ஓடினவன் என்றாகிவிடும். எந்தத் தப்பு என்பதில்தான் ஊருக்கும் அவருக்கும் கணக்கு ஒத்துப்போகவில்லை. ராத்திரி படுத்தால் அவருக்கு வருவது விசில் இல்லை. அதற்கு முன்னால், சொல்லலாமா வேண்டாமா என்று நின்றாரே, அது. அதற்குள் கீகன் பந்தை வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. இனி தெரியவும் போவதில்லை.

அடுத்த சனிக்கிழமை ஆட்டமும் சொந்த மைதானத்தில்தான். வந்தது ஒரு சோப்ளாங்கி அணி. வெஸ்தான் எறிந்தான். கூட்டம் பாதிகூட இல்லை. இடைவேளைக்குள் பெர்க்லண்ட் நன்றாக முன்னால் போய்விட்டது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த பையன்கள் லின்மோரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். இன்னும் இரண்டு வாரத்தில் அந்த ஆட்டம். கீகன் வந்துவிடுவான், திங்கட்கிழமை பரிசோதனை, தேறினால் புதன்கிழமையிலிருந்து பயிற்சி. கீகன் வந்தால் லின்மோரைப் பிடித்துவிடலாம், பிடித்தால் முதலிடம், முதலிடம் என்றால் நேராக நவம்பர், குழுவும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்.

டெல்மரும் காது கொடுத்துக் கேட்டார். மனசு கேட்கிறதா? கணக்குப் போட்டுப் பார்த்தது. கீகன் இருந்தால் முடியும்தான்.

கீகன் ஆட்டச்சட்டை மட்டும் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றான். அந்த வாரம் முழுக்க அவன் டெல்மரோடு பேசவில்லை. தன் பட்டையைக்கூட இன்னொருவன் கையில் கொடுத்து அனுப்பினான். மூன்றாவது கால்பகுதியில் அவன் மெல்ல நகர்ந்து, சாமான் பெட்டிகளுக்குப் பின்னால் கூடாரத்தின் நிழலில் வந்து உட்கார்ந்தான். டெல்மர் திரும்பிப் பார்க்காமல் ஒரு வாரைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"பெருசு."

"ம்."

"தொப்பி ஒண்ணு இருக்குமா? முன்னாடி நீளமா இருக்கிறது."

டெல்மர் தன் தலையில் இருந்ததைக் கழற்றிக் கொடுத்தார். அழுக்குத் தொப்பி, சலவைத்தூள் வாசம். கீகன் அதைப் புருவம்வரை இழுத்து மாட்டிக்கொண்டான். கண்ணைச் சுருக்கியே வைத்திருந்தான். இருக்கையில் பேண்டு வாத்தியம் பிடித்தபோது இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்து, எடுத்துவிட்டான்.

"எத்தனை நாளா?" என்றார் டெல்மர்.

"என்னது?"

"வெளிச்சம் குத்துறது."

பையன் தொப்பியை இன்னும் கீழே இழுத்தான். "சாயங்காலமானா சரியாயிடும். பகல்லதான். வகுப்புல போர்டைப் பாக்கமுடியல" என்றான். "ரெனேகிட்ட தலைவலியே இல்லன்னு சொல்லிட்டேன். திங்கக்கிழமை டெஸ்ட்டு. அந்தக் கேள்வியெல்லாம் எனக்குத் தெரியும், மனப்பாடம் பண்ணிட்டேன். மாசத்தை எல்லாம் பின்னால இருந்து சொல்லுவேன். டிசம்பர், நவம்பர், அக்டோபர், செப்டம்பர்..." ஜனவரிவரை சொல்லி முடித்தான். பல்லைக் கடித்துக்கொண்டு, சர்ச்சில் ஜெபம் ஒப்பிக்கிறவன் மாதிரி.

"நல்லாத்தான் சொல்றே."

"சொல்லாதீங்க, பெருசு. லின்மோர் ஆட்டம். எனக்கு இது கடைசி வருஷம். இதுக்கப்புறம் காலம்பூரா மாட்டுக்குப் பின்னாலதான் நிக்கப்போறேன். நீங்க ஏற்கெனவே ஒண்ணைக் கெடுத்துட்டீங்க. இதையும் கெடுக்காதீங்க. ப்ளீஸ்."

டெல்மர் நூலைக் கடித்து அறுத்தார். ஊசியைப் பையில் குத்தினார். மைதானத்தில் பெர்க்லண்ட் இன்னொரு முறை புள்ளி எடுத்தது. பெஞ்சில் பையன்கள் ஒருவன் மேல் ஒருவன் ஏறிக் குதித்தார்கள். ஹாக்ஸ்ட்ராம்கூடச் சிரித்தார். அவர் சிரித்து ஒரு வாரம் ஆகிறது.

ரெனே தண்ணீர்த் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். ரொம்ப தூரமில்லை. டெல்மருக்கு அது ரொம்ப தூரமாகத்தான் தெரிந்தது. பெட்டியின் விளிம்பைப் பிடித்து எழுந்தார். முட்டி சத்தம் போட்டது.

"பெருசு, எங்க போறீங்க?" கீகன் குரல் உடைந்தது. "யோவ்! டெல்!"

அவர் திரும்பவில்லை. பின்னால் பையன் திட்டுகிற வார்த்தைகள் ஒவ்வொன்றும் காதில் விழுந்தன. எல்லாம் இந்த வாரம் ஊரில் கேட்டவைதான், ஒன்றிரண்டு புதுசு. வெயில் வெறும் தலையில் இறங்கியது. அவர் நொண்டிக்கொண்டே ரெனே இருந்த பக்கம் நடந்தார்.